முதலில் தள்ள வேண்டிய ஒலி

ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவனிடம் வருகிற எவரும் தம் காதில் குறையில்லை என்ற உறுதியோடுதான் வருகிறார்கள். பழுதுபார்க்க உட்கார்ந்திருப்பவனும் அதே உறுதியோடுதான் உட்கார்ந்திருக்கிறான்.

திருத்தங்கலில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்புறம் முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆயினும் ஆங்கில நூல்களை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்து இத்தொழிலைக் கற்றேன். என்னைப் போலவே ஈயம் உருக்கிக் கம்பி பற்றவைக்கும் சாலிடர் புகையில் கண் கலங்கி, பிறர் பாட்டைக் கேட்டுக் கேட்டுத் தம் பாட்டை மறந்துபோன தொழில்முறை அன்பர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் புரியும்படி ஒன்றை மட்டும் முதலில் விளக்கிவிடுகிறேன்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்புகிறது. மேளத்தில் அடி விழுந்த கணத்தில் காற்று நம்மை நோக்கித் தள்ளப்பட்டதென்றால், அந்தப் பதிவை வீட்டில் கேட்கும்போதும் கூம்பு முதலில் நம்மை நோக்கித் தள்ள வேண்டும். பதிவிலிருந்து பெட்டி வரையிலான வழியில் எங்கேனும் இரு கம்பிகள் இடம் மாறிவிட்டால், அது முதலில் உள்ளே இழுக்கும். இரு பெட்டிகளில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஒலி மெலிந்துபோகும், எவரும் கண்டுகொள்வர். இரண்டுமே மாறியிருந்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். உலகத்தோடு மட்டும் ஒத்துப்போகா. ஒலியின் இந்தத் திசைக்கு ஆங்கில நூல்களில் அப்சல்யூட் பேஸ் (absolute phase) என்று பெயர். அந்த வேறுபாட்டை மனிதக் காது அறியுமா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே இணக்கமில்லை. அறியும் என்று நெடுங்காலம் வாதாடியவன் நான்.

கீழுள்ளவற்றில் முதல் மூன்றைச் சிரித்துக்கொண்டே படிக்கலாம். எஞ்சியவை, என் கையால் நேர்ந்த ஒரு பிழையினால், ஆமத்தூர்ப் பெண் ஒருத்தி இறந்துபோன தன் கணவரின் பெயரைக் காக்க முடியாமற்போன கதை.

மூன்று பேஸ் உள்ளவர்

சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் புதிதாக ஒரு டிஜிட்டல் பிளேயர் வாங்கினார். பென் டிரைவில் ஆயிரம் பாடல்கள். ஆனால் மேளத்தில் அழுத்தமில்லை, நாகசுரம் எங்கோ சுவருக்கு அப்பால் நிற்கிறது என்று என்னிடம் தொலைபேசியில் குறைப்பட்டார். அவர் வீட்டுக்கு நேரில் போக அன்று எனக்கு நேரமில்லை. "பேஸ் மாறியிருக்கும், கம்பியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் தம் கம்பெனி எலக்ட்ரீசியனை அழைத்து, மின்சார வாரியக் கம்பத்திலிருந்து வரும் மூன்று பேஸில் இரண்டை மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது. "நீங்க சொன்னபடியே பேஸை மாத்திட்டேன் அண்ணாச்சி. பாட்டு அப்படியேதான் இருக்கு. போர் மோட்டாருதான் பின்னாடி சுத்துது."

வெடிச் சோதனை

அதன் பிறகு, கடையிலேயே ஒரு நல்ல டிஜிட்டல் பிளேயரும் இரு பெரிய பெட்டிகளும் வைத்து, வருகிறவர்களுக்கு ஒலிக்கவிட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தேன். அந்தப் பிளேயரில் ஒலியின் திசையைத் திருப்புவதற்கென்றே ஒரு சுவிட்சு, ரிமோட்டில் இருந்தது. எந்த நிலையில் வைப்பது சரி? பாடல்களை நம்ப இயலாது. அவற்றைப் பதிவு செய்தவன் எந்தக் கம்பியை எங்கே மாற்றினானோ. முதலில் தள்ளியே தீரும் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க ஓர் ஒலி வேண்டும். இந்த ஊர்க்காரனுக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. வெடி முதலில் காற்றைத் தள்ளும், பிறகே இழுக்கும். விபத்து நடந்த இடத்தில் கதவுகள் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கின்றன என்று பார்த்தே முதலில் வெடித்த அறை எது என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே கரிசல் பொட்டலில் ஓர் ஒற்றை வெடியைக் கொளுத்தி, நானே கட்டிய மைக்கில் பதிவு செய்தேன். கடைக்கு வந்து அதை ஓடவிட்டு, கூம்பின் அசைவைக் கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தேன். கூம்பு முதலில் உள்ளே போயிற்று. பிளேயர் தலைகீழாக இருக்கிறது என்று தீர்ப்பளித்து, சுவிட்சைத் திருப்பினேன். இப்போது கூம்பு வெளியே தள்ளியது. பிளேயரைச் செய்த கம்பெனிக்காரன் செய்த தவற்றை ஒரு வெடியைக் கொண்டு கண்டுபிடித்தவன் நான் ஒருவனே என்று நெஞ்சு நிமிர்ந்தது. மைக்கின் மேல் எனக்கு ஐயம் எழவே இல்லை. அதை நான் கட்டியிருந்தேன் என்பதே காரணம். பொட்டலுக்குத் துணையாக வந்திருந்த பக்கத்து பைண்டிங் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊரே வெடியை வித்துப் பிழைக்குது. நீங்க ஒருத்தர்தான் அதுகிட்டப் பாடம் கேக்கீக."

அச்சகத்தார் கொடுத்த பலகை

காலண்டர் அச்சடிக்கும் முதலாளி ஒருவர்; இசைப் பித்தர். அவரை அமர்த்தி, முதலில் ஒரு முறை பாட்டை ஒலிக்கவிட்டேன். "இப்போது திசையைத் திருப்பப் போகிறேன், கவனியுங்கள்" என்று சொல்லி ரிமோட்டைத் தேடினேன். அது மேசைக்கு அடியில் விழுந்து கிடந்தது. நான் குனிந்து எடுப்பதற்குள் அவர் கண்களை மூடிக்கொண்டு, "அடடா! நாகசுரம் இப்பத்தான் மேடைக்கு முன்னாடி வந்து நிக்குது" என்றார். நான் இன்னும் எதையும் அழுத்தியிருக்கவில்லை.

அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையில், சுவிட்சைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் எனக்கே ஒரு வேறுபாடும் கேட்பதில்லை என்பதையும் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. ஒரு வாரத்தில் அவர், "இங்கு ஒலியின் திசை சோதித்துத் தரப்படும்" என்று நான்கு வண்ணத்தில் ஒரு பலகை அச்சடித்துக் கொண்டுவந்து தம் கையாலேயே ஆணியில் மாட்டினார். அச்சுக்கூலி எவ்வளவு என்று கேட்டதற்குச் சிரித்தார். "அதெல்லாம் வேண்டாம். அண்ணாச்சி சொன்னா ஒலி திரும்பிரும். நமக்கு என்ன தெரியும்?"

போனில் ஓர் ஆள், பெட்டியில் ஓர் ஆள்

ஒருநாள் காலை பதினொரு மணியளவில் கடையின் துணித்திரை உள்ளே தள்ளப்பட்டு, ஒரு கணம் நின்று, வெளியே இழுபட்டது. வெடியோசையும் கூடவே வந்தது. தெருவில் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தோம். ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றில், ஒரே அறையில் நால்வர் இறந்தனர். வெடிமருந்து நிரப்பும் முனியாண்டி என்பவர் அவர்களில் ஒருவர். வீட்டுக்குச் சீக்கிரம் போகும் ஆசையில், முந்தைய நாள் மிச்சமிருந்த, வெயிலில் தானே பற்றிக்கொள்ளக்கூடிய மருந்தையும் அவராகவே அறைக்குள் அள்ளி வந்துவிட்டார் என்று ஆலையின் போர்மேனும் கணக்கரும் ஊரில் சொல்லிவிட்டார்கள். மற்ற மூன்று வீட்டாரும் அவருடைய மனைவி செல்லத்தாயோடு பேச்சை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாள் ஒரு கைப்பேசியோடு என் கடைக்கு வந்தார். ஆலைக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. அன்று காலை கேட்டில் டீ குடிக்கையில் முனியாண்டி தம் மனைவிக்கு அனுப்பிய குரல் அதில் இருந்தது: "இந்தா செல்லத்தாயி, இன்னைக்கு வர நேரமாகும். நேத்து மிச்ச மருந்தையும் சேத்து ரொப்பி முடிங்கன்னு போர்மேன் சொல்றாரு. வெயில் ஏறிருச்சு, வேண்டாம்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்காரு." செல்லத்தாய் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதே அறையில் மகனைப் பறிகொடுத்த சங்கையா என்ற பெரியவர் சொன்னால் ஊர் கேட்கும். அவருக்குக் காது மந்தம்; கைப்பேசி ஒலி எட்டாது. என் பெரிய பெட்டிகளில் அவருக்கு அதைக் கேட்கச் செய்ய வேண்டும். "போர்மேனும் கணக்கப்பிள்ளையும் ஒண்ணுபோலச் சொல்றாக. ரெண்டு பேரு ஒண்ணுபோலச் சொன்னா அது நெசமாயிருமா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆகாது அம்மா என்றேன். என் தொழிலே அதுதான் என்றும், பலகையைக் காட்டி, சற்றுப் பெருமையோடு சொன்னேன்.

சங்கையா தம் மருமகன் வேலுச்சாமியோடு வந்தார். பெரியவரைப் பெட்டிகளுக்கு எதிரே அமர்த்தினேன். செல்லத்தாய் ஓரமாக நின்றார். அவர் கொண்டுவந்திருந்த பென் டிரைவில் பதிவை மாற்றி, பிளேயரில் செருகி, நான் சரியென்று தீர்மானித்திருந்த அதே நிலையில் ஒலிக்கவிட்டேன். "இந்தா செல்லத்தாயி" என்று குரல் எழுந்ததும் அந்த அம்மாள் முகம் சுருங்கிற்று. ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார். அவரையறியாமல் வாயில் வந்துவிட்டது: "இது அவுக கொரலு இல்லையே. மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே பேசுறாப்ல இருக்கு." உடனே தம் பிழையை உணர்ந்து, "போனுல அவுகதான், போனுல கேட்டுப் பாருங்க" என்று பதறினார். வேலுச்சாமி எழுந்துவிட்டார். "அதெப்படி? போனுல ஒரு ஆளு, பொட்டியில ஒரு ஆளா? எவனையோ பேச வச்சுக் கொண்டாந்துட்டு, பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல."

"பெட்டியில் குரல் சற்று வேறாகத்தான் கேட்கும்" என்று நான் சொல்லியிருந்தால்கூட ஏதேனும் பயன் இருந்திருக்கலாம். ஆனால் வேலுச்சாமி என்னைப் பார்த்து, "மிசினுல கோளாறு இருக்குமோ?" என்று கேட்டபோது, இல்லை என்றேன். வெடி வைத்துச் சோதித்தது என்றேன். மகனை வெடியில் கொடுத்த மனிதரின் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னேன். பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். வாசலில் நின்று, காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்: "எனக்குக் கொரலு ஒண்ணும் கேக்கல. அவ மூஞ்சியத்தான் பாத்தேன். அது போதும்."

வேனில் இடம்

ஒரு மாதம் கழித்து, கடையில் விட்டுப்போன பென் டிரைவை வாங்கிக்கொள்ளச் செல்லத்தாய் வந்தார். என் மேல் சினம் காட்டவில்லை. வேறொரு ஆலையில் திரி கட்டும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். காலையும் மாலையும் ஆமத்தூர்ப் பெண்களோடு கம்பெனி வேனில் போய் வருவதாகச் சொன்னார். பேச்சை எப்படித் தொடர்வதென்று தெரியாமல், வேனில் கூட்டமாக இருக்குமே என்றேன். பென் டிரைவைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டே பதில் சொன்னார். "மத்தவுக நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாக. எனக்குப் பக்கத்துல மட்டும் எப்பவும் ரெண்டு ஆளுக்கு எடம் இருக்கு. சொகமாத்தான் போறேன் அண்ணாச்சி."

இரவல் போன மைக்

மைக் செட் வாடகைக்கு விடும் பால்ராஜ், ஒரு கல்யாண மேடைக்கு மைக் போதவில்லை என்று என்னுடையதை இரவல் வாங்கிப் போனார். பொட்டலில் வெடியைப் பதிவு செய்த அதே மைக். மறுநாள் நண்பகலில் திருப்பிக் கொடுக்க வந்தவர் தலையைச் சொறிந்தார். தனியாகப் பேசினால் இரண்டு மைக்கும் நன்றாக இருக்கின்றனவாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தால் பேசுகிறவர் குரல் குழியில் விழுந்ததுபோல் மெலிந்துவிடுகிறதாம்.

தொழிலில் இருக்கும் அன்பர்களே, இதைக் கேட்டவுடன் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும்; எனக்கும் தெரிந்தது. ஒரு மைக் காற்று தள்ளுகிறது என்று சொல்ல, மற்றது இழுக்கிறது என்று சொன்னால் மட்டுமே இரண்டும் ஒன்றையொன்று கொல்லும். பால்ராஜ் எதிரிலேயே என் மைக்கைத் திருகிக் கழற்றினேன். சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. பளபளவென்று, உருண்டையாக, வேறெவர் கையும் படாத என் சாலிடர். ஆக, வெடி சரியாகத்தான் தள்ளியது. பிளேயர் சரியாகத்தான் இருந்தது. பொய் சொன்ன மைக்கை நம்பி, சரியாக இருந்ததைத் திருப்பி வைத்தவன் நான். பால்ராஜ் இதொன்றும் அறியாமல் தம் மைக்கையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "ரெண்டுல எது தப்புன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. உங்களது தப்பா இருக்காதுல்ல, எனதைத்தான் மாத்தணும்."

மூன்று முறை

செல்லத்தாய்க்குச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். கம்பி, சுவிட்சு என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. குரல் இனிச் சரியாக வருமா என்று மட்டும் கேட்டார். அவரைப் பெட்டிகளுக்கு எதிரே, பெரியவர் அமர்ந்த அதே நாற்காலியில் அமர்த்தினேன். சுவிட்சை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிட்டேன். "இந்தா செல்லத்தாயி." அவர் நிமிர்ந்தார். அடுப்படியில் வேலையாக இருப்பவர் வாசலில் குரல் கேட்டு நிமிர்வதுபோல் நிமிர்ந்தார். "அவுகதான்" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் வாதாடியவன் உள்ளே உட்கார்ந்துகொண்டு விடமாட்டேன் என்றான். அச்சகத்தாரைப் போல் இவரும் காதால் அறியாமல், நான் சொல்வதையோ செய்வதையோ வைத்துச் சொல்லிவிடக் கூடாதே என்று, ரிமோட்டை மேசைக்கு அடியில் மறைத்து, சுவிட்சைத் திருப்பினேன். "இல்லை" என்றார். மறுபடி திருப்பினேன். "அவுக." மறுபடி. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று திருப்பலும் தவறாமல் தெரிந்தது அவருக்கு. எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. நூல்களில் படித்தவர்கள் இன்றும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு என் கடையில், என் கண்முன்னே விடை கிடைத்துவிட்டது. அந்த மகிழ்ச்சி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, பெட்டியின் மேல் கையை வைத்து, மெதுவாகத்தான் சொன்னார்: "போதும், நிறுத்துங்க. செத்தவுகள எத்தனை தடவை அனுப்பி அனுப்பிக் கூப்பிடுவீக?"

சுவிட்சு யார் கையில்

சங்கையாவை மறுபடியும் அழைக்கலாம் என்றதற்குச் செல்லத்தாய் இசையவில்லை. அன்று இல்லை என்று சொன்ன வாயால் இன்று ஆம் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்றார். பிழை என்னுடையது, நானே போய்ச் சொல்கிறேன் என்று பிளேயரையும் ஒரு பெட்டியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆமத்தூர் போனேன். சங்கையா கட்டிலில் படுத்திருந்தார். வேலுச்சாமி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் சொன்னது முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். மைக்கைக் கழற்றிக் காட்டினேன். சுவிட்சை இப்படி வைத்தால் தள்ளும், அப்படி வைத்தால் இழுக்கும் என்று, அகராதி பார்த்துக் கற்றதையெல்லாம் எளிய தமிழில் எடுத்துச் சொன்னேன். இதைவிடத் தெளிவாக நான் எவருக்கும் எதையும் விளக்கியதில்லை.

அவருக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததுதான் கெடுதலாயிற்று. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மரியாதையாகவே திரும்பக் கொடுத்தார். பெட்டியை ஆட்டோவில் ஏற்றவும் ஒரு கை பிடித்தார். அப்போதுதான் கேட்டார்: "ஒரு சுவிச்சை அமுக்குனா அவனாவான், இன்னொருக்க அமுக்குனா அவன் இல்லைன்னு நீங்களே சொல்றீக. அந்தச் சுவிச்சு உங்க கையிலதான இருக்கு?"

பலகையை அன்று மாலையே கழற்றிவிட்டேன். அச்சுக்கூலி வாங்காமல் கொடுத்தது ஆதலால், இந்தத் தவற்றில் எனக்கு மட்டும் ஒரு நட்டமும் இல்லை.